பெயர் கத்தரித்த பாய்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டுப் போனை எடுத்தால், என் மகள் வல்லியின் அஞ்சறைப் பெட்டி விற்பனைக்கு வந்திருக்கிறது.

பழைய சாமான் விற்கிற அந்த ஆப்பை நான் தினமும் ஒரு மணி நேரமாவது பார்ப்பேன். சிலருக்கு சீரியல், எனக்கு இது. யார் வீட்டுப் பித்தளை, யார் வீட்டு மரச்சாமான், எந்த ஊரில் யார் பின்னிய கூடை என்று விரலால் தள்ளிக்கொண்டே போவதில் ஒரு சுகம். வல்லிக்குக் கல்யாணம் பேச ஆரம்பித்ததில் இருந்து மூன்று வருஷம் இப்படித்தான் தள்ளித் தள்ளி அவளுக்குச் சீர் சேர்த்தேன். கடையில் அடுக்கி வைத்திருக்கிற எவர்சில்வர் செட்டை யார் வேண்டுமானாலும் வாங்கிக் கொடுத்துவிடலாம். காரைக்குடிக்காரர் ஒருவரிடம் பெட்டி, பாலக்காட்டில் ஓர் அம்மாவிடம் வெண்கல உருளி, பாண்டிச்சேரியில் ஒருவரிடம் பச்சை எனாமல் டிபன் கேரியர் என்று ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, பேரம் பேசி, புளி போட்டுத் தேய்த்து, அம்பத்தூருக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினேன். பாளையங்கோட்டையில் என் அளவுக்குச் சீர் செய்தவள் யாரும் இல்லை என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் இல்லை.

அந்தப் பெட்டிதான் இது. மூடியின் கீலில் மூன்று பித்தளைத் திருகும் ஓர் இரும்புத் திருகும் இருக்கும். பித்தளைதான் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியும் மேலப்பாளையம் ஆசாரி இரும்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே இரும்புத் திருகு.

விற்பவர் பெயர் ‘பழங்கூடு’ என்று போட்டிருக்கிறது. ஊர் சென்னை. ‘பலாமரம், ஏழு குழி, நல்ல நிலையில் உள்ளது.’

உடனே வல்லிக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி, அஞ்சறைப் பெட்டி எங்க வச்சிருக்க?”

“அடுக்களையிலதாம்மா இருக்கு. ஏன்?”

“சும்மா கேட்டேன். சபரீஷ் ஆபீஸ் போயாச்சா?”

“போயாச்சு.”

பொய் சொல்கிறாள். யாரையோ காப்பாற்றப் பொய் சொல்கிறாள். யாரை என்று எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை சபரீஷின் தங்கை ஷோபனாதான். கல்யாண மண்டபத்தில் சீர் வரிசையைப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால், “இதெல்லாம் செகண்ட் ஹேண்டா ஆன்ட்டி?” என்று கேட்டவள் அவள். செகண்ட் ஹேண்டை இப்போது தேர்ட் ஹேண்டாக்குகிறாள்.

வல்லி அப்பாவிடம் போட்டோவைக் காட்டினேன். பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல், “ஒரே மாதிரி பெட்டி ஊர்ல ஆயிரம் கெடக்கும்” என்றார். திருகைப் பற்றிச் சொன்னேன். “ஒனக்கு வேற சோலி இல்லையா?” என்று கேட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். போன கார்த்திகையில் சென்னைக்கு யாரோ பழைய ஆபீஸ்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்ததில் இருந்து இந்த இடுப்பு வலி. தைலம் தேய்ப்பவள் நான்தான்.

ஜூன் 4, புதன்

பெட்டியை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். என் பெயரில் கேட்டால் ஷோபனா உஷாராகிவிடுவாள். பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சரின் போனில் அந்த ஆப்பைப் போட்டு, டீச்சர் பெயரிலேயே கணக்கு ஆரம்பித்தேன். “என்ன காந்திமதி, துப்பறியும் வேலையா?” என்று டீச்சர் சிரித்தார். மாப்பிள்ளை வீட்டு விவகாரம் என்று சொல்லாமல், ஒரே ஆள் பெயரில் நிறைய வாங்கினால் விலையை ஏற்றிவிடுகிறார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

“இருக்கா?” என்று பழங்கூடுக்கு எழுதினேன்.

“இருக்குக்கா.”

“கடைசி விலை சொல்லுங்க.”

பத்து நிமிஷத்தில் முந்நூறு ரூபாய் குறைத்தேன். என் பொருளை நானே காசு கொடுத்து வாங்குகிறேன், அதிலும் பேரம் பேசுகிறேன். இருந்தாலும் முந்நூறு முந்நூறுதான்.

ஜூன் 9, திங்கள்

பெட்டி டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டது. அனுப்பியவர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ‘பழங்கூடு, சென்னை’ என்று மட்டும் இருந்தது. ஆனால் கூரியர் ஆபீஸ் முத்திரையில் அம்பத்தூர் என்று கொட்டை எழுத்தில் விழுந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஒரு குழியின் மூலையில் கடுகு நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

முருங்கைக்காய் சாம்பார். அவர் இன்று என்னிடம் பேசியது மொத்தம் இரண்டு தடவை, இரண்டும் உப்பைப் பற்றி.

ஜூன் 15, ஞாயிறு

நினைத்தது சரியாகிவிட்டது. அடுத்து உருளி!

இந்தத் தடவை சட்டென்று பாயவில்லை. முதலில் அடிப்பக்கம் போட்டோ கேட்டேன். காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டுகிறதா இல்லையா என்று சொல்லச் சொன்னேன். என் உருளிதான், எனக்குத் தெரியாதா, இருந்தாலும் வாங்குகிறவள் வாங்குகிறவள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும் இல்லையா? அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ஒட்டலை” என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. பிறகு விலை. இரண்டாயிரத்து நானூற்று எழுபது.

இந்த எழுபதைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. விலையை ஒருபோதும் முழுசாகச் சொல்லாதே, முழுசாகச் சொன்னால் குறைக்கத் தோன்றும், எழுபது எண்பது என்று இழுத்துச் சொன்னால் கணக்குப் பார்த்து வைத்த விலை என்று நினைத்துக்கொள்வார்கள் என்று வல்லிக்கு நான் சொல்லிக் கொடுத்த வித்தை அது. அவளிடம் இருந்து ஷோபனா அதையும் களவாண்டிருக்கிறாள். என் மகள் வெள்ளந்தி. எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிடுவாள்.

கேட்காமலேயே அடுத்த செய்தி வந்தது: “தனியா ஒரு சின்ன வீட்டுக்கு மாறிட்டேன். வைக்க இடமில்லை. அதான் குடுக்கேன்.”

எப்படிப் புளுகுகிறாள் பாருங்கள். ஆனால் அவசரம் என்று வாயைக் கொடுத்துவிட்டாள், விடுவேனா? “அப்ப அவசரம்போல. இருநூறு குறைச்சிக்கோங்க” என்று போட்டேன். வெகு நேரம் கழித்து, “சரி” என்று வந்தது.

நல்ல பேரம். எஸ்தர் டீச்சரே அசந்துபோனார்.

ஜூன் 21, சனி

வல்லி வீடியோ காலில் வந்தாள். வெறும் சுவர் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவர் மஞ்சள் நிறம். அம்பத்தூர் வீட்டில் மஞ்சள் சுவர் எனக்கு ஞாபகம் இல்லை. “பெயின்ட் அடிச்சிருக்காங்களா?” என்று கேட்டேன். “ஆமா” என்றாள். பொங்கலுக்குத் தனியாக வந்ததில் இருந்தே கன்னம் ஒட்டிப்போய்த்தான் இருக்கிறாள். ஆபீஸ் வேலை. அடுக்களையைக் காட்டச் சொன்னேன். நெட் சரியில்லை என்று கட்டாகிவிட்டது.

மாமியார் பக்கத்தில் நின்றிருப்பாள். அதுதான் காட்ட முடியவில்லை. பகவதி அம்மா, அதாவது என் சம்பந்தி, தீபாவளிக்குப் பிறகு ஒரு தடவை கூட எனக்குப் போன் பண்ணவில்லை. சரி, கர்வம் பிடித்த பொம்பளை என்று நானும் பேசவில்லை. மாப்பிள்ளை வீடு என்றால் கொம்பா முளைத்திருக்கிறது?

அவரிடம், வல்லியை அங்கே கொடுமைப்படுத்துகிறார்களோ என்று தோன்றுகிறது என்று சொன்னேன். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா” என்றார். இத்தனை உறுதியாக அவர் எதைப் பற்றியும் சொன்னது கிடையாது.

ஜூன் 22, ஞாயிறு

உருளி வந்தது. அம்பத்தூர் முத்திரை. கட்டிலுக்கு அடியில் பெட்டியோடு சேர்த்து வைத்தேன்.

ஜூலை 2, புதன்

டிபன் கேரியர். நான்கு அடுக்கு, பச்சை எனாமல், மேல் அடுக்கின் காதுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் பூச்சு போயிருக்கும். ஆபீசுக்குச் சாப்பாடு கொண்டு போவாள் என்று வாங்கியது.

பழங்கூடு இப்போது பேச்சை மாற்றிவிட்டது. முதல் தடவை அக்கா என்றவள் இன்று, “இருக்கும்மா. உங்களுக்குன்னா எடுத்து வைக்கேன்மா” என்கிறாள். வழக்கமாக வாங்குகிறவளுக்கு ஐஸ் வைக்கிறாள். ஐஸ் வைத்தால் விலையை ஏற்றப்போகிறாள் என்று அர்த்தம், அதனால் நான் ஒட்டாமல் பேசினேன்.

பணம் போன பிறகு, “பத்து நாளா காய்ச்சல்மா. எழுந்து நடக்க முடியல. பார்சல் போட லேட்டாகும்” என்று செய்தி.

“பரவாயில்லை. பபிள் ஷீட் ரெண்டு சுத்து சுத்திப் போடுங்க. எனாமல் உதிர்ந்தா நான் எடுத்துக்க மாட்டேன்” என்று எழுதினேன். இப்படிக் கறாராக இருந்தால்தான் ஒழுங்காக அனுப்புவார்கள்.

ஜூலை 9, புதன்

கேரியர் பத்திரமாக வந்தது. இரண்டு சுற்று சொன்னதற்கு நான்கு சுற்று சுற்றியிருந்தாள்.

அவர் கதவருகே நின்று, நான் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “காந்தி, போதும். இத்தோட விட்டுரு” என்றார். ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். பிரித்துப் போட்ட பபிள் ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. பெண்ணுக்கு ஒன்று என்றால் துடிக்கிற ஜீவன் இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

ஜூலை 14, திங்கள்

எழுத்து கோணலாகப் போகிறது.

பாயைப் போட்டிருக்கிறாள்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் கொடுப்போம். பட்டு மாதிரி இருக்கும் கோரைப்பாய். அதில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சேர்த்து, கல்யாணத் தேதியோடு நெய்து வாங்குவோம். வல்லியின் பாயை நான் ஆன்லைனில்தான் பிடித்தேன். நெய்கிற அம்மா வாட்சப்பில் ஒவ்வொரு வாரமும் போட்டோ அனுப்புவார். முதலில் ‘சபரீஷ்’ வந்தது, பிறகு ‘ஆனந்தவல்லி’ வந்தது. இரண்டு மாசம். அந்தப் பாயில்தான் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பாலும் பழமும் கொடுத்தோம்.

அந்தப் பாய்தான். ‘கைநெசவு. ஓரம் வெட்டித் தைக்கப்பட்டது, அதனால் நீளம் சற்றுக் குறைவு.’ ஓரமா அது? பெயர் இருந்த பக்கம்! பெயரைக் கத்தரித்து எடுத்துவிட்டு, சிவப்புத் துணி வைத்து ஓரம் அடித்திருக்கிறாள்!

பெட்டியை விற்றாய், பொறுத்தேன். உருளியை விற்றாய், பொறுத்தேன். என் மகள் பெயரில் கத்தரி வைக்க நீ யார்? நாளை மறுநாள் ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். அம்பத்தூர் வீட்டுக் கூடத்தில் நின்று கேட்கிறேனா இல்லையா பார்.

ஜூலை 15, செவ்வாய்

அவர் முதலில் போகாதே என்றார். பிறகு, “நானும் வாரேன்” என்றார். பிறகு, “ஆடி பொறக்கட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்” என்றார். எதற்கும் நான் மசியவில்லை. மாடிக்குப் போய் யாரிடமோ வெகு நேரம் போனில் பேசினார்.

ஜூலை 17, வியாழன். ரயிலில்

திரும்பி வந்துகொண்டிருக்கிறேன். விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். எழுதி முடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

காலையில் எழும்பூரில் இறங்கி நேராக அம்பத்தூர் போனேன். பெட்டியும் டிபன் கேரியரும் பையில். பகவதி அம்மாதான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

“வாங்க மதினி. சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீங்க. உக்காருங்க, காபி போடுதேன்.”

காபி வருகிறவரை பொறுத்திருந்தேன். பிறகு பெட்டியை எடுத்து டீப்பாயில் வைத்தேன். டிபன் கேரியரை வைத்தேன். போனில் பாயின் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

“இதெல்லாம் என்னன்னு தெரியுதா?”

“வல்லி சாமான்லா?”

“எப்படி வித்தீங்க? சீர் சாமானை விக்கிற அளவுக்கு இந்த வீட்டுல என்ன கஷ்டம்?”

அந்த அம்மா என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மதினி, அதெல்லாம் அவ கொண்டு போயிட்டாளே.”

“எங்க கொண்டு போனா?”

“தலைதீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வந்துட்டு வந்தாங்கல்லா? அது முடிஞ்சு பத்து நாள்ல கெளம்பிட்டா. உங்க வீட்டு அண்ணாச்சிதான் வந்து, சாமானையெல்லாம் டெம்போவுல ஏத்தி, கூட்டிட்டுப் போனாங்க. பீரோவத் தூக்கும்போது இடுப்பு பிடிச்சு, இங்கதான் ஒரு மணி நேரம் படுத்திருந்தாங்க.” சற்று நிறுத்தினார். “உங்களுக்குத் தெரியும்னுல்லா நான் இருந்தேன். கோவத்துலதான் நீங்க போன் பண்ணலைன்னு நெனச்சேன்.”

எட்டு மாசம். எட்டு மாசமாக அந்த இடுப்புக்குத் தைலம் தேய்த்திருக்கிறேன்.

காபி ஆறிப்போய்விட்டது. ஆனாலும் குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் அந்த அம்மாவுக்கு என் முகம் தெரிந்துவிடும். “எம் பையன் மேலயும் தப்பு இருக்கு மதினி” என்று ஏதோ சொல்ல வந்தார். நான் கேட்கிற நிலைமையில் இல்லை. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நான் மனசுக்குள் எட்டு மாசம் திட்டித் தீர்த்த பொம்பளை, வாசல் வரை வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள்.

வல்லியின் ஆபீஸ் அங்கேயே, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம்தான். கீழ்த் தளத்தில் ஒரு கூரியர் கடை. இதை முன்பே வந்து பார்த்திருந்தால் முத்திரையின் கதை புரிந்திருக்கும்.

கழுத்தில் கார்டோடு இறங்கி வந்தாள். ஆச்சரியப்படவே இல்லை.

“அப்பா முந்தாநேத்தே சொன்னாங்க, நீ வாரன்னு.”

“ஒங்கப்பா இன்னும் என்னெல்லாம் சொன்னாரு?”

பக்கத்து ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். அவன் அடித்தானா என்று கேட்டேன். இல்லை என்றாள். குடிக்கிறானா? இல்லை. வேறு எவளாவது? இல்லை.

“பின்ன என்னட்டி?”

“பேசமாட்டாரும்மா. ஒரு கோவம்னா ஒரு மாசம், ஒண்ணரை மாசம், பேச்சே கெடையாது. சோறு வச்சா சாப்பிடுவாரு. நான் ஒருத்தி அங்க நிக்கேன்னு தெரிஞ்ச மாதிரியே இருக்காது. என்ன கோவம்னும் சொல்லமாட்டாரு.”

“பேசாததுக்கெல்லாமா வீட்டை விட்டு வருவாங்க? ஒங்கப்பா இத்தனை வருஷமா என்ன பேசிக் கிழிச்சாரு?”

“நான் தீபாவளிக்கே ஒங்கிட்ட சொன்னேன். தலைக்கு எண்ணெ வைக்கும்போது சொன்னேன். போகப் போகச் சரியாயிரும்னு சொல்லிட்டு, நீ முறுக்குக்கு மாவு பெசையப் போயிட்ட.”

அப்படி அவள் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்கு வீட்டில் பன்னிரண்டு பேர். முறுக்கு பிசைந்தது ஞாபகம் இருக்கிறது.

“பாயை ஏன் கத்தரிச்ச?”

“ரெண்டு பேர் பேரோட யாரும்மா வாங்குவா?”

எப்படிச் சொல்கிறாள் பாருங்கள், துணிக்கடையில் சொல்கிற மாதிரி. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உன் சாமானையெல்லாம் யார் வாங்கினது தெரியுமா என்று பையைத் திறந்து காட்டினேன். அதிலும் அவள் ஆச்சரியப்படவில்லை.

“தெரியும். உருளிக்குக் காந்தம் வச்சுப் பாக்கச் சொன்னில்லா, அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுமாட்டி எங்கிட்டயே வித்த?”

“நீ ஏதாவது கேப்பன்னு பாத்தேன்” என்றாள். “தனியா வீடு மாறிட்டேன்னு எழுதுனேன். இருநூறு குறைன்ன. காய்ச்சல்னு எழுதுனேன். ரெண்டு சுத்து சுத்துன்ன. போன்ல பேசுனா, பெட்டி எங்கன்னு கேட்ட. நான் எங்க இருக்கேன்னு ஒரு நாளாவது கேட்டியாம்மா?”

என்ன நியாயம் இது? அவள் எனக்கு எழுதவில்லை, எஸ்தர் டீச்சருக்கு எழுதினாள். நான் அவளுக்கு எழுதவில்லை, ஷோபனாவுக்கு எழுதினேன். ஷோபனாவுக்குக் காய்ச்சல் வந்தால் எனக்கு என்ன? பெற்ற தாயிடம் எட்டு மாசம் மறைத்துவிட்டு, மறைத்ததை நீ ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்டால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

“எந்திரி. இப்பமே அம்பத்தூர் வீட்டுக்குப் போவோம். அந்த அம்மா தங்கமான மனுஷி. நான் பேசிக்கிடுதேன். வெளிய யாருக்கும் தெரியதுக்குள்ள முடிச்சிரலாம்.”

“வரமாட்டேன்.”

“ஊருக்கு நான் என்னட்டி பதில் சொல்ல?”

“இதுக்குத்தாம்மா ஒங்கிட்ட சொல்லல” என்றாள். ஜூசுக்குக் காசு கொடுத்தாள். வாசலில் கார்டைத் தேய்த்து உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாக லிப்டுக்கு நிற்பது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

அவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பையை வாங்க வந்தார். கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு இதை மறைக்க எப்படி மனசு வந்தது என்று கேட்டேன்.

“நீ அவளத் திருப்பிக் கொண்டு விட்ருவன்னு பயந்தோம்.”

“பயந்தோம்னா யாரெல்லாம்?”

“ரெண்டு பேரும்தான்.”

கையில் இருந்த தைல பாட்டிலை வாசலில் வீசினேன். உடையவில்லை, பிளாஸ்டிக்.

ஜூலை 20, ஞாயிறு

சமைத்தேன். பேசவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எஸ்தர் டீச்சர், “வல்லி எப்படி இருக்கா?” என்று கேட்டார். நல்லா இருக்கா என்றேன். மாப்பிள்ளை? நல்லா இருக்கார். பச்சைப் பொய். என்னிடம் இவர்கள் சொன்ன மாதிரியே எனக்கும் சுலபமாக வருகிறது.

வல்லியிடம் இருந்து போன் இல்லை. நானும் பண்ணவில்லை. யார் பண்ண வேண்டும்? மறைத்தவள் பண்ணட்டும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தாமிரபரணிக் கரையில் கால் வைக்க இடமில்லை. வண்ணாரப்பேட்டை மீனாட்சி மதினி பார்த்துவிட்டு, “வல்லி விசேஷமா இருக்காளா?” என்று கேட்டாள். கூட்டத்தில் காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஜூலை 26, சனி

கட்டிலுக்கு அடியில் அந்தச் சாமான்கள் இருப்பது படுத்தால் முதுகில் குத்துகிறது. யாருக்காகத் தேடித் தேடி வாங்கினேனோ அவளுக்கு வேண்டாம். பிறகு எனக்கு எதற்கு? மூன்றையும் கூடத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, இந்தத் தடவை என் சொந்தப் பெயரிலேயே ஆப்பில் போட்டேன். அவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார், மறுபடி தூக்கிக்கொண்டார்.

வாங்குவதைவிட விற்பது கஷ்டமாக இருக்கிறது. விலை போடவே அரை மணி நேரம் ஆயிற்று.

ஜூலை 29, செவ்வாய்

மத்தியானம் திருப்பூரில் இருந்து ஒருத்தி. டிபன் கேரியர் இருக்கிறதா என்று கேட்டாள். போட்டோவில் சின்ன முகம், வல்லி வயதுதான் இருக்கும்.

இருக்கிறது என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என்ன தோன்றியதோ, விரல் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது. என் மகளுக்குச் சீராக வாங்கியது என்று எழுதினேன். அவள் மாப்பிள்ளை வீட்டை விட்டு வந்து எட்டு மாசம் ஆகிறது, தனியாக இருக்கிறாள், எனக்கே இப்போதுதான் தெரியும், இதைப் பார்க்கப் பார்க்க மனசு தாங்கவில்லை என்று எழுதினேன். எஸ்தர் டீச்சரிடம் சொல்லாததை, கூடப் பிறந்தவளிடம் சொல்லாததை, முகம் தெரியாத ஒருத்திக்கு எழுதி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். படித்துவிட்டாள் என்று நீலக் கோடு விழுந்தது. அவள் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. என்ன சொல்லப்போகிறாளோ என்று போனைக் கீழே வைக்கவில்லை.

“ஓகே ஆன்ட்டி. மேல பெயின்ட் போயிருக்கே, ஒரு இருநூறு குறைச்சுக்கலாமா?”

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கேட்கக் கூடாததை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். பதினொரு நாளைக்குப் பிறகு அவரிடம் வாயைத் திறந்தேன்.

“வல்லி எங்க இருக்கா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சென்னையில எந்தப் பக்கம்? எந்தத் தெரு? யாரு கூடத் துணைக்கு இருக்கா? அட்ரஸக் குடுங்க.”

பேப்பரை மடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.”

“யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னா?”

“இல்ல காந்தி. ஒனக்கு.”